எந்த சர்வீஸ் எந்த மெஷினில்?

கோவை சத்தி ரோட்டின் பெரிய கேட்களுக்குள்ளும் கீரணத்தம் ஐ.டி. பார்க்கிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி நேராக வருவது அபூர்வம். அங்கே பிளாட்ஃபார்ம் டீம் என்று தனியாக ஒன்று இருக்கும். அவர்கள் கொடுத்த ஃபைலில் பெயரை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. கேள்வி வருவது சரவணம்பட்டி மாடிக் கட்டடங்களில். இருபது முப்பது பேர் உட்கார்ந்து பம்ப் கம்பெனிக்கும் ஸ்பின்னிங் மில்லுக்கும் ஈ.ஆர்.பி. எழுதும் ஆபீஸ்களில், ரெண்டு வருஷ அனுபவக்காரரிடம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்வார்கள்: "தம்பி, நாலு சர்வர் வந்திருக்குது. பதினஞ்சு சர்வீஸ் இருக்குது. எதை எதுல போடறதுன்னு நீங்களே பார்த்துருங்க."

தட்டிக்கழிக்காதீர்கள். கோடு எழுதுபவரைக் கம்பெனியின் முழு சிஸ்டத்துக்கும் பொறுப்பானவராக மாற்றுகிற வேலை இது.

பெரும்பாலானோர் உடனே எக்செல் திறந்து எத்தனை கோர், எத்தனை ஜி.பி. ராம் என்று கணக்குப் போட ஆரம்பிக்கிறார்கள். அது இரண்டாவது வேலை. முதல் வேலை எழுந்து சர்வர் ரூமுக்கு நடப்பது. எந்த மெஷினின் பவர் கேபிள் எந்த யூ.பி.எஸ்ஸுக்குப் போகிறது, எது எந்த ஸ்விட்சில் செருகியிருக்கிறது என்று குனிந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எவையெல்லாம் ஒன்றாகச் சாகும் என்பது தெரியாமல் எதையும் பிரித்து வைக்க முடியாது. சரவணம்பட்டி, கீரணத்தம் துணை மின்நிலையங்களில் பராமரிப்புப் பணி என்று பேப்பரில் அறிவிப்பு வரும் நாள் இருக்கிறதே, அன்று பகல் முழுக்க அந்த ரூமில் உட்கார்ந்து பாருங்கள். எந்த பேட்டரி முதலில் கத்துகிறது என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித்தராது.

நாலு மெஷின், இரண்டு யூ.பி.எஸ்., ஒவ்வொன்றிலும் இரண்டு மெஷின் என்று வையுங்கள். இவற்றை ஒரே கிளஸ்டராகச் சேர்த்து, சர்வீஸ்களை அவற்றில் ஓட்டப்போவது குபர்நெட்டீஸ். அதன் நினைவு முழுக்க எட்சிடி என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. எட்சிடி பெரும்பான்மை ஓட்டில் இயங்குவது. மூன்று பிரதி வைத்தால் ஒன்று போனாலும் தாங்கும்; நாலு வைத்தாலும் தாங்குவது ஒன்றைத்தான்; ஐந்து வைத்தால் இரண்டு. அதனால்தான் ஒற்றைப்படையில் வைக்கிறார்கள். சரி, மூன்று பிரதியை நாலு மெஷினில் எப்படி வைத்தாலும் ஒரு யூ.பி.எஸ்ஸில் இரண்டு பிரதி மாட்டிக்கொள்ளும். அந்த யூ.பி.எஸ். போனால் பெரும்பான்மையும் போனது. மீதி மெஷின்களில் ஏற்கெனவே ஓடுகிற சர்வீஸ்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் செத்ததை வேறிடத்தில் எழுப்ப ஆள் இருக்காது. அமேசானின் மும்பை கிளவுட் மையம் 2016-இல் தொடங்கியபோது, ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்படி பிரித்த மண்டலங்கள் அங்கே இரண்டே இருந்தன. மூன்றாவது 2019-இல்தான் வந்தது. அதுவரை அங்கே இருந்தவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

தீர்வு அவ்வளவு செலவானதல்ல. எட்சிடியின் மூன்றாவது பிரதிக்கு மட்டும் ஒரு சின்ன மெஷின் வாங்கி, மூன்றாவது மின்வழியில் மாட்டுங்கள். எம்.டி. அறையின் இன்வெர்ட்டராக இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஒன்றைத்தான் யாரும் அணைக்க மாட்டார்கள்! அதில் எஸ்.எஸ்.டி. இருக்கட்டும். எட்சிடி ஒவ்வொரு மாற்றத்தையும் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே அடுத்த வேலைக்குப் போகும். டிஸ்க் மந்தமானால் கிளஸ்டர் முழுக்க மந்தமாகும். அதே காரணத்துக்காக, லாக் சேகரிக்கும் சர்வீஸை அதன் பக்கத்தில் குடிவைக்காதீர்கள்.

இனி எக்செல் திறக்கலாம். நாலு மெஷின், தலா 64 ஜி.பி. என்றால் மொத்தம் 256. ஒன்று போனால் 192. எனவே மொத்தத் தேவை 192-ஐத் தாண்டக் கூடாது. அதாவது எந்த மெஷினையும் 75 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆனால் ஒரு யூ.பி.எஸ்ஸே போனாலும் தாங்க வேண்டும் என்றால் அந்த எல்லை 50 சதவீதமாக இறங்கிவிடும். பாதி மெஷினைச் சும்மா வைத்திருக்க எந்த முதலாளியும் ஒப்பமாட்டார், ஒப்பவும் தேவையில்லை. எல்லா சர்வீஸும் பிழைக்க வேண்டியதில்லை.

எது பிழைக்க வேண்டும் என்பதை டெவலப்பரிடம் கேட்காதீர்கள். அவர் தன் சர்வீஸைத்தான் சொல்வார். மில்லிலோ ஃபவுண்டரியிலோ டெஸ்பேச் பார்க்கிற அண்ணனிடம் கேளுங்கள். "ரிப்போர்ட் நாளைக்கு வந்தாலும் பரவாயில்லீங்க தம்பி. ஈ-வே பில் நம்பர் வரலைன்னா லாரி கேட்டுலயே நிக்கும், டிரைவர் நம்மளத்தான் பேசுவாரு" என்பார். போதும். இன்வாய்ஸ், ஈ-வே பில், கேட் பாஸ் முதல் வரிசை. ரிப்போர்ட், இரவு நேர பேட்ச் வேலைகள், டெஸ்ட் சூழல் எல்லாம் கடைசி வரிசை. இந்த வரிசையை பிரையாரிட்டி கிளாஸாக எழுதிவிட்டால், இடம் போதாதபோது கடைசி வரிசையை வெளியே தள்ளி முதல் வரிசைக்கு இடம் கொடுப்பதை, எதை எந்த மெஷினில் போடுவது என்று முடிவெடுக்கும் குபர்நெட்டீஸ் ஷெட்யூலரே பார்த்துக்கொள்ளும்.

டெஸ்ட்டுக்குத் தனி மெஷின் வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். கூகுள் தன் உள்வீட்டு ஷெட்யூலரான போர்க் பற்றி 2015-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு கணக்கு உண்டு: முக்கிய வேலைகளையும் மற்றவற்றையும் தனித்தனி மெஷின்களில் பிரித்திருந்தால் 20 முதல் 30 சதவீதம் கூடுதல் மெஷின் தேவைப்பட்டிருக்கும். வரிசை ஒழுங்காக இருந்தால் கலந்து வைப்பதே லாபம். என் கட்சியும் அதுதான்.

எதைக் கைவிடலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்வது பெரிய இடங்களிலும் நடப்பதுதான். 2019 ஜூலை 10, உலகக் கோப்பை அரையிறுதி. ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடி பேர். தோனி ரன் அவுட் ஆனதும் கூட்டம் கலைந்தது. கலைந்தவர்கள் பேக் பட்டனை அழுத்தியதால் சுமை வீடியோவிலிருந்து முகப்புப் பக்கத்தின் சர்வீஸ்கள் மேல் திரும்பியது. அந்த நொடியில் புது மெஷின் கேட்டால் வந்து சேராது. முன்கூட்டியே திறனை ஏற்றி வைத்திருந்ததும், தேவைப்பட்டால் பரிந்துரை போன்ற சில்லறை வசதிகளை அணைக்கத் தயாராக இருந்ததும்தான் அவர்களைக் காப்பாற்றின.

அடிக்கடி சறுக்குகிற இடம் இன்னொன்று. குபர்நெட்டீஸ் ஷெட்யூலர் உங்கள் சர்வீஸ் உண்மையில் எவ்வளவு மெமரி தின்கிறது என்று பார்ப்பதில்லை. ரிக்வெஸ்ட் என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததை நம்புகிறது. 600 எம்.பி. போதுமானதுக்கு 4 ஜி.பி. என்று எழுதினால் மெஷின் காலியாக இருக்கும்போதே "இடமில்லை" என்று சொல்லும். எதுவுமே எழுதாவிட்டால், மெமரி நெருக்கடி வந்ததும் முதலில் கழற்றிவிடப்படுவது அந்த சர்வீஸ்தான். மாதக் கடைசி, ஜி.எஸ்.டி. தாக்கல் நாள் இரண்டும் அடங்க சில வாரம் அளந்து பார்த்து எழுதுங்கள். பிரதிகளை வெவ்வேறு மெஷினில் வை என்ற விதியையும் கட்டாயமாக்கிவிடாதீர்கள். மெஷின் எண்ணிக்கையைவிடப் பிரதிகள் அதிகமானால் மிச்சமானது பெண்டிங்கிலேயே கிடக்கும்.

டேட்டாபேஸைப் பொறுத்தவரை என் யோசனை சுருக்கமானது: சின்ன ஆபீஸில் அதைக் கிளஸ்டருக்கு வெளியே தனி மெஷினில் வையுங்கள், அதன் பிரதியை மற்ற யூ.பி.எஸ்ஸில். கண்காணிக்கும் மென்பொருளும் வெளியேதான்; கிளஸ்டரோடு சேர்ந்து அதுவும் படுத்துவிட்டால் அலாரம் அடிக்க யார் இருப்பார்கள்?

முடிவு செய்ததை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்த சர்வீஸ் எங்கே, ஏன் அங்கே, எது போனால் எது நிற்கும். குபர்நெட்டீஸ் நிர்வாகிகளுக்கான சி.கே.ஏ. தேர்வு எழுதுவது நல்லதுதான். கமாண்ட் கைக்குப் பழகும். ஆனால் அதில் ஷெட்யூலிங் சார்ந்த பகுதிக்கு 15 சதவீத மதிப்பெண்தான். இன்டர்வியூவில் நான் கேட்பது "டெயின்ட் என்றால் என்ன" என்பதல்ல, "இந்த சர்வீஸை ஏன் அங்கே வைத்தீர்கள்" என்பதுதான். பெயர்களை மறைத்து அந்தப் பக்கத்தை விளக்கத் தெரிந்தவருக்குச் சான்றிதழைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, எல்லோரும் சீட்டில் இருக்கும்போது, சொல்லிவிட்டு ஒரு மெஷினின் பவரைப் பிடுங்குங்கள். மெஷினை ஒழுங்காகக் காலி செய்யும் டிரெய்ன் கமாண்ட் அல்ல, கேபிள். அதிலிருந்த பாட்கள், அதாவது ஓடிக்கொண்டிருந்த சர்வீஸ் பிரதிகள், வேறிடத்தில் எழ ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். மெஷின் திரும்பி வருமா என்று குபர்நெட்டீஸ் இயல்பாகக் காத்திருக்கும் நேரம் 300 விநாடி. டெஸ்பேச்சுக்கு அது தாங்காது என்றால் அந்த சர்வீஸுக்கு மட்டும் 30 ஆகக் குறையுங்கள். மெஷினைத் திரும்ப ஏற்றியதும் இன்னொன்றைக் கவனிப்பீர்கள்: அது ஏறக்குறைய காலியாகவே நிற்கும். ஒருமுறை வைத்ததை ஷெட்யூலர் தானாக இடம் மாற்றாது. முக்கிய சர்வீஸ்களை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்து பரப்பிவிட்டு, அதற்கான கமாண்டையும் அதே பக்கத்தின் அடியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கேபிள் போகும்போது நீங்கள் லீவில் இருக்கலாம்.