போர்டில் இருக்கும் பெயர் வாடகை தருமா?

நம்பிக்கை: வாசலில் தொங்குவது பெரிய கம்பெனியின் பெயர். வாடகை பாக்கி விழுந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

டீக்கடையோ, சலூனோ, பீட்சா கடையோ, ஃபிரான்சைஸ் என்றால் பெரும்பாலும் கம்பெனி தருவது பெயரும் நடத்தும் முறையும்தான். இடம் பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் கடையை எடுத்து நடத்துபவர். கட்டட உரிமையாளருக்கு வாடகைதாரர் அவர் மட்டுமே. கம்பெனி தனியாக ஜாமீன் எழுதித் தராதவரை, பாக்கிக்காக அதன் கதவைத் தட்டிப் பயனில்லை.

வேறு மாதிரியும் உண்டு. 1956-ல் மெக்டொனால்ட்ஸின் ஹாரி சானபார்ன் ‘ஃபிரான்சைஸ் ரியால்டி கார்ப்பரேஷன்’ என்ற நிறுவனத்தையே இதற்காகத் தொடங்கினார். இடத்தை அந்த நிறுவனம் குத்தகைக்கு எடுத்து, கடை நடத்துபவருக்கு உள்குத்தகைக்கு விட்டது. அங்கே உரிமையாளருக்குக் குத்தகைதாரர் கம்பெனிதான்; கடைக்காரர் கைவிட்டாலும் வாடகை அதன் தலையில். நம் ஊரில் எந்த மாதிரி என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கமே சொல்லிவிடும். போர்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

நம்பிக்கை: கம்பெனிக்குத் தகவல் சொல்லாமல் உரிமையாளர் காலி செய்யச் சொல்ல முடியாது.

இதை ஏரியா மேனேஜர்கள் அடித்துச் சொல்வார்கள். ஆதாரம் கேட்டால் ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். அது அவர்களுக்கும் கடைக்காரருக்கும் இடையில் எழுதிக்கொண்டது. உரிமையாளர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அது அவரைக் கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் (2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது) பிராண்டு கம்பெனிக்கு என்று தனியாக எந்த நோட்டீஸும் கேட்கவில்லை. இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்தால் நோட்டீஸ் அனுப்பி, வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றம் கோரலாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியும் வந்துவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. அந்த ஒரு மாத அவகாசம் வாடகைதாரருக்குச் சட்டம் தந்தது. கம்பெனிக்கு விஷயமே தெரியாமல் அது ஓடி முடிந்திருந்தால், அதற்கு உரிமையாளர் பொறுப்பல்ல.

ஆனால் உரிமையாளரும் கையெழுத்திட்ட முத்தரப்பு ஒப்பந்தம் ஒன்று இருந்தால் கதையே வேறு. வாடகை ஒப்பந்தத்தோடு இணைப்பாக, கடைசி இரண்டு தாளாக வரும். அட்வான்ஸ் செக் கைக்கு வரும் நேரத்தில் யார் அதைப் படிக்கிறார்கள்? வழக்கமாக அதில் மூன்று விஷயங்கள் இருக்கும். நோட்டீஸின் நகலைக் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். பாக்கியைக் கட்ட 15 நாளோ 30 நாளோ கம்பெனிக்குக் கூடுதலாகத் தர வேண்டும். விரும்பினால் அதுவே வாடகைதாரராக வரலாம், அல்லது வேறொருவரைக் கொண்டுவரலாம். இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாடகைதாரருக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பினால், ஒப்பந்த மீறல் உரிமையாளர் பக்கம் வந்துவிடும். கம்பெனிகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் தங்களுக்குச் சாதகமாக ஒரு வரி இருந்தால் மட்டும் போதாது. ஒப்பந்தத்தில் சேராதவர், சில விதிவிலக்குகள் தவிர, அதை வைத்து வழக்காட முடியாது என்று எம்.சி.சாக்கோ வழக்கில் 1969-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம்பிக்கை: பாக்கியைக் கட்டிவிட்டால் கடை கம்பெனிக்கு வந்துவிடும்.

வராது. மூன்றாமவர் தரும் பணத்தை உரிமையாளர் பெற்றுக்கொண்டால், அதே பாக்கியை வாடகைதாரரிடம் மறுபடி கேட்க முடியாது (இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 41). அவ்வளவுதான். வாடகை உரிமையை இன்னொருவருக்கு மாற்ற, துணை ஒப்பந்தம் எழுத வேண்டும் என்கிறது தமிழ்நாட்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. பணம் வாங்கும் உரிமையாளர் ரசீதில் ‘வாடகைதாரர் இன்னார் கணக்கில்’ என்று எழுதிவிடுவது நல்லது. உள்ளே வர நினைக்கும் கம்பெனி, பழைய அட்வான்ஸ் தனக்குத்தான் என்று கணக்குப் போடக் கூடாது. அது போட்டவருடைய பணம். அதில் பாக்கி போக மிச்சம் இருந்தால் அதுவும் அவருக்கே.

நம்பிக்கை: கடைக்காரர் ஓடிவிட்டார், ஷட்டரில் பூட்டுப் போடலாம்.

கூடாது. சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். 1963-ஆம் ஆண்டு குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதும் தப்பு. உள்ளே இருக்கும் ஓவனும் ஃபிரீசரும் கம்பெனியுடையதாக இருந்தால், பூட்டிய மறுநாளே அதன் வக்கீல் நோட்டீஸும் வந்து சேரும்.

நம்பிக்கை: கம்பெனி ஜாமீன் போட்டிருக்கிறது, இனிக் கவலையில்லை.

வாடகையையோ காலத்தையோ கம்பெனிக்குத் தெரியாமல் கடைக்காரரோடு மாற்றி எழுதினால், மாற்றத்துக்குப் பிந்தைய பாக்கிக்கு ஜாமீன் போய்விடும். கட்ட அவகாசம் தருவதாகக் கடைக்காரருக்கு ஒப்பந்தமாகவே எழுதித் தந்தாலும் ஆபத்து உண்டு. கேட்காமல் சும்மா பொறுத்திருந்தால் மட்டும், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரையில், ஜாமீன் நிற்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 133, 135, 137 பிரிவுகளை வக்கீலோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியது, கடைக்காரர் ‘ரெண்டு மாசம் பொறுங்க சார், எழுதித் தந்துடுறேன்’ என்று தாளை நீட்டும் அன்றைக்குத்தான்.