டப்பாப் பால் வந்த மாதம்

முடிச்சூரில் 2015 வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் வீட்டுக்குள் எத்தனை அடி தண்ணீர் ஏறியது என்றுதான் தொடங்குவார்கள். இரண்டு பிள்ளைகளோடு அதில் மாட்டிய இந்த அம்மா மட்டும் ஒரு பால் பவுடர் டப்பாவில் தொடங்குகிறார். பத்து வருடம் கழிந்தும் அந்த டப்பாவைப் பற்றிப் பேசும்போது குரல் ஏறுகிறது.

அப்போது மகளுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. மகனுக்கு முதல் பிறந்தநாள் வர இன்னும் சில வாரங்கள் இருந்தன. நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்பான், கையை விடுவான், தானே வியந்துபோய்ச் சிரிப்பான், பொத்தென்று உட்காருவான். இன்றைக்கோ நாளைக்கோ நடந்துவிடுவான் என்று வீடே காத்திருந்த சமயம்.

நவம்பர் நடுவில் முதல் வெள்ளம் வந்தது. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாறு முடிச்சூர்த் தெருக்களுக்குள் புகுந்தது. படகில் ஏறி வெளியே வந்த குடும்பம், கணவரின் சித்தி வீடு இருந்த ஜாபர்கான்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் 1 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். அந்த உபரிநீர் முடிச்சூர் பக்கமே வருவதில்லை. திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் கலக்கிறது. ஜாபர்கான்பேட்டைக்கோ மேலிருந்து வந்த ஏரித் தண்ணீரும் செம்பரம்பாக்கத்துத் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. ஓடிவந்த இடத்திலும் அதே ஆறு. “சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஆறு எந்த வழியா கடலுக்குப் போகுதுன்னு பாருங்க” என்பது அவருடைய முதல் அறிவுரை. கேலி போலத் தோன்றும். சென்னையில் அது நல்ல யோசனைதான்.

மாடியில் ஒரு ராத்திரி, பிறகு மேட்டுப் பகுதியில் ஒரு கல்யாண மண்டபம். மின்சாரம் இல்லை, அடுப்பு இல்லை. நகரின் பல இடங்களில் பால் லிட்டர் 100 ரூபாய்க்கு விற்றது. நல்ல மனது கொண்ட இளைஞர்கள் சிலர் பெட்டி பெட்டியாகப் பொருள்களை இறக்கினார்கள்: பிஸ்கட், போர்வை, நாப்கின், கூடவே குழந்தைகளுக்கான பால் பவுடர் டப்பாக்களும் ஃபீடிங் பாட்டில்களும்.

அதுவரை மகன் தாய்ப்பாலிலும், கிடைத்த இட்லி, பருப்புச் சாதத்திலும் சமாளித்துக்கொண்டிருந்தான். மண்டபத்தின் இரைச்சலில் மார்பைப் பிடிப்பதும் விடுவதுமாக அழுதான். சித்தி பக்கத்திலேயே இருந்தார். “நீயே சாப்பிடாம பயந்து கெடக்கறே, ஒனக்கு எங்கம்மா பால் ஊறும்? புள்ளைக்கு டப்பாப் பால் குடு, தூங்கட்டும்” என்றார். “இருங்க அத்தை, பாக்கலாம்” என்று மருமகள் இழுத்தார். சாயங்காலத்துக்குள் பாட்டில் குழந்தையின் வாயில் இருந்தது. கரைத்துக் கொடுத்தது யார் என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. சித்தியை அவர் இன்றுவரை மன்னித்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்து மனுஷி தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். இதில் அவருடைய பங்கு அத்தனை பெரிதல்ல என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

ஆனால் சித்தி சொன்னது தவறு. பயமும் களைப்பும் பால் சுரப்பை நிறுத்துவதில்லை. பாலை உண்டாக்குவது ஒரு ஹார்மோன், மார்பிலிருந்து இறக்கிவிடுவது இன்னொன்று. பதற்றம் தடுப்பது இந்த இரண்டாவதை, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. இருட்டான மூலையில் உட்காரவைத்து, தாய்க்கு ஒரு வாய் சோறும் தண்ணீரும் கொடுத்து, குழந்தையைத் திரும்பத் திரும்பச் சப்பவிட்டால் பால் இறங்கிவிடும். அதற்குப் பதிலாகப் பாட்டிலைக் கொடுத்தால் குழந்தை சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் பால் உண்மையாகவே குறையும். அப்புறம் “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்று சொல்ல ஆள் தயாராக இருப்பார்.

பவுடரைக் கரைக்கக் கொதித்த தண்ணீர் வேண்டும், பாட்டிலையும் நிப்பிளையும் கொதிக்கவைக்க வேண்டும். மண்டபத்தில் இருந்ததோ டேங்கர் தண்ணீர் பிடித்த ஒரு டிரம். சம்ப்புகளில் சாக்கடை கலந்திருந்த நேரம் அது. மறுநாளே வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது.

இந்த வீட்டுக்கு மட்டும் நேர்ந்த கெட்ட நேரமல்ல இது. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம் வந்தபோது இப்படித்தான் பால் பவுடர் வந்து குவிந்தது. பிறகு கணக்கெடுத்துப் பார்த்ததில், நன்கொடைப் பவுடர் பெற்ற குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. இந்தியாவில் இதற்குச் சட்டமே உண்டு. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகள், பாலூட்டும் புட்டிகள் பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அநாதை இல்லங்களுக்குத் தவிர வேறு எவருக்கும் இவற்றை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. 2003 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பவுடரும் இதில் அடங்கும். மண்டபத்து இளைஞர்களுக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்தவர்கள் அங்கே வந்து சொல்லியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஆத்திரம். அது நியாயமான ஆத்திரம்.

குழந்தையைக் காப்பாற்றியது ஓ.ஆர்.எஸ். பொடி. அந்தப் பொடிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் ஒரு முகாம்தான். 1971-இல் வங்கதேச அகதிகள் வந்து நிரம்பிய மேற்கு வங்கத்தின் பன்காவ் ஊரில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் வைத்துச் சொந்தக்காரர்கள் கையாலேயே கொடுக்கவைத்தார். சாவு சுமார் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஜாபர்கான்பேட்டைப் பிள்ளைக்கு முதலில் கிடைத்தது பழச் சுவையோடு அட்டைப் பெட்டியில் விற்ற ஒரு இனிப்புப் பானம். பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்றுதான் எழுதியிருந்தது. சர்க்கரை அதிகமுள்ள அந்த மாதிரிப் பானங்கள் போக்கை இன்னும் கூட்டும். அவை அந்தப் பெயரைத் தாங்கி விற்கப்படுவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது 2025 அக்டோபரில்தான்; ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் அதற்காகப் பல வருடம் போராட வேண்டியிருந்தது. மருத்துவ முகாமுக்கு வந்த ஒரு நர்ஸ் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு பாக்கெட் பொடியை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுசாகக் கரைக்கச் சொன்னார். பாதிப் பாக்கெட், அரை டம்ளர் என்ற கைக்கணக்கு கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை, ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், 14 நாள். போக்கு நின்றதும் பல பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இவர் நிறுத்தவில்லை. அதை இரண்டு முறை சொல்லிக்காட்டுகிறார்.

உடம்பு தேறியும் மகன் நிற்க மறந்துபோனான். நாற்காலியைப் பார்த்தாலும் தவழ்ந்தே போனான். இளைத்த கால்களைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து அவர் அழுததெல்லாம் அப்போதுதான், வெள்ளத்துக்காக அல்ல. பிறந்தநாளும் அப்படியே போயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் அளவீட்டில் குழந்தை தனியாக நடக்கத் தொடங்கும் காலம் எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை நீள்கிறது. அந்த ஒரு தகவலை யாராவது சொல்லியிருந்தால் பாதித் துக்கம் குறைந்திருக்கும். பொங்கல் சமயத்தில் பையன் நடந்தான், சுவரைக்கூடப் பிடிக்காமல்.

மகளின் கதை வேறு. மண்டபத்தில் அவள்தான் ராணி. ஹெலிகாப்டர் எண்ணக் கற்றாள்; தம்பிக்கு விரல் நீட்டிக் காட்டப் பழக்கினாள்; வரிசையில் நின்று தட்டு வாங்கிவந்தாள். வீடு திரும்பிய பிறகுதான் ராத்திரியில் படுக்கையை நனைக்கத் தொடங்கினாள். தூறல் விழுந்தாலே “ஆத்துத் தண்ணி வருமா?” என்று கேட்டாள். பெரிய பயத்துக்குப் பின் சிறு பிள்ளைகள் இப்படிச் சில வாரம் பின்னோக்கிப் போவது வழக்கம். திட்டாமல் விட்டால் தானே சரியாகும். பள்ளியோ விட்டுப்போன பாடத்தையெல்லாம் நோட்டில் எழுதி முடிக்கச் சொல்லி அனுப்பியது. எல்.கே.ஜி. பிள்ளைக்கு! அவர் ஒரு வரிகூட எழுதவைக்கவில்லை. இந்த முழுக் கதையிலும் அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

மற்றதெல்லாம் அவருக்கு ஒரே மூச்சு: ரேஷன் அட்டை, தடுப்பூசி அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வை, செல்போனில் படம் எடுத்து வை, அரசு கொடுத்த 5,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது, அவ்வளவுதான். மாடியுள்ள சொந்தக்காரர், லீவு கிடைக்கிற கணவர், தாய்ப்பால் உள்ள அம்மா என்று எல்லார் வீடும் தன் வீடு போலவே இருக்கும் என்று அவர் நினைக்கிறார். ஆனால் தாயை இழந்த குழந்தைக்கும், ஏற்கெனவே டப்பாப் பாலிலேயே வளரும் குழந்தைக்கும் பவுடர் தேவைதான். அதை மருத்துவர் பார்த்து, அந்தக் குழந்தைக்கு மட்டும், காய்ச்சிய தண்ணீர் ஏற்பாட்டோடு கொடுக்க வேண்டும். புட்டியைவிடப் பாலாடையோ சங்கோ மேல், கழுவுவது சுலபம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து பால் தட்டுப்பாடு ஏற்பட்டபோதும் குழந்தைகளுக்கு எதை அனுப்பலாம் என்ற அதே கேள்வி எழுந்தது. அடுத்த மழைக்கு நிவாரணப் பெட்டி கட்டுகிறவர்கள் தயவுசெய்து பால் பவுடரையும் ஃபீடிங் பாட்டிலையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓ.ஆர்.எஸ். பொடி, துத்தநாக மாத்திரை, குளோரின் மாத்திரை, மூடியுள்ள ஒரு குடம் வையுங்கள். பாலூட்டும் தாய்க்குத் தனியாக ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும், மறைப்புக்கு ஒரு புடவையும் சேர்த்து அனுப்புங்கள்.