சுவரின் நிறத்தை அழிக்காதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

ஏழாவது படத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படிக்கிறார்களே இரண்டு பெரியவர்கள், அவர்கள் வேட்டிக் கரை என்ன நிறம்? உங்கள் புகைப்படப் புத்தகம் கைக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன். இரண்டும் ஒரே அடர்ந்த சாம்பல். இருவரும் ஒரே கட்சிக்காரர்கள் என்றால் அந்தப் படம் ஒரு கதை. வேறு வேறு கட்சி என்றால் அது முற்றிலும் வேறு கதை, அருமையான கதை. வெறும் மயில்கண் கரை என்றால் கட்சிக் கதையே இல்லை. எது என்று உங்கள் கேமராவுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பார்க்கிறவனுக்குத் தெரியாமல் செய்துவிட்டீர்கள்.

ஷட்டர், அபெர்ச்சர், பிரேம் பற்றியெல்லாம் உங்களிடம் நான் பேச வேண்டியதில்லை. வேலை விட்டு வீடு திரும்பும் அந்த அரைமணி வெளிச்சத்தில் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்று உங்கள் கைக்குப் பழகிவிட்டது. என் வருத்தம் இரண்டே விஷயங்களில்தான். இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இந்தக் கறுப்பு வெள்ளை. அதில்தான் ஆழம் வருகிறது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். முகங்களை எடுத்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் எடுத்திருப்பது தமிழ்நாட்டு அரசியலை, தம்பி. இங்கே கட்சி என்பது முதலில் நிறம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூடக் கொடியைப் பார்த்து எந்தக் கூட்டம் வருகிறது என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவாள். மேலே கறுப்பு, கீழே சிவப்பு. அதே கறுப்பு சிவப்பின் நடுவே வெள்ளையில் அண்ணா. நீலமும் சிவப்பும், நடுவில் நட்சத்திரம். வெறும் சிவப்பில் அரிவாள் சுத்தியல். 2024 ஆகஸ்டில் அறிமுகமான கொடியில் மேலும் கீழும் சிவப்பு, நடுவில் மஞ்சள், இரண்டு யானைகளுக்கு இடையே வாகைப் பூ. இவற்றைச் சாம்பலாக்கினால் மிஞ்சுவது என்ன?

சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரும் புதிருமான நிறங்கள். வெளிச்சத்தின் அளவு ஒன்றாக இருந்தால், நிறத்தை நீக்கியதும் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். உங்கள் மென்பொருளில் சிவப்புக்குத் தனி ஸ்லைடர், பச்சைக்குத் தனி ஸ்லைடர் இருக்கிறது. ஒன்றை இழுத்தால் உதயசூரியன் வெளுக்கிறது, இன்னொன்றை இழுத்தால் இரட்டை இலை கறுக்கிறது. பதினான்காவது படத்தில் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். அந்தச் சுவரில் எது அண்மையில் எழுதியது, எது வெயிலில் மங்கியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு சுவரின் வயதை அழகுக்காக மாற்றும் உரிமை நமக்கு இல்லை.

நாங்கள் கறுப்பு வெள்ளையில் எடுத்தோம் என்றால் கையில் வேறு வழி இல்லாமல் எடுத்தோம். என் முதல் கேமரா ஆக்ஃபா கிளிக் 3. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். பிலிம் ‘இந்து’. ஊட்டியில் 1960இல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையிலிருந்து வந்தது. 1967இல் உற்பத்தி தொடங்கி, நாடு முழுவதும் ஸ்டுடியோக்களுக்கும் ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே அறைகளுக்கும் அங்கிருந்து பிலிம் போனது. நம் மலையில் செய்த பிலிம் என்று எங்களுக்கு அதில் ஒரு பெருமிதம். ஆலையும் இப்போது ஓய்ந்துவிட்டது. கலர் ரோல் வேண்டுமென்றால் வெளிநாட்டுச் சரக்கு. வாங்கினாலும் கழுவப் பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டும். வீட்டுப் பின்கட்டில் சமையல் முடிந்த பிறகு ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, சிவப்பு பல்பு போட்டு, டெவலப்பர் தட்டில் பேப்பரை ஆட்டிக்கொண்டு நிற்பேன். அம்மா வெளியே நின்று “முடிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஹைப்போ வாடை அரிசிப் பானை வரை போய்விட்டது என்று அப்பா சத்தம் போடுவார்.

அந்தக் காலத்தில் நிறம் இல்லாமல் நாங்கள் இழந்தது என்ன தெரியுமா? நான் திண்டுக்கல்காரன். 1973 மே மாதம் எங்கள் தொகுதியில் நாடாளுமன்ற இடைத்தேர்தல். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சிக்கு அதுதான் முதல் பரீட்சை. மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று ஜெயித்தார். அந்தச் சின்னம் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஏறிய முதல் தேர்தல் அது. பையனாக நான் தெருத்தெருவாகச் சுற்றிப் பார்த்தேன். சுண்ணாம்புச் சுவரில் அந்தப் பச்சை! ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு பச்சை. ஓரிடத்தில் கிளிப்பச்சை, ஓரிடத்தில் பாசிப்பச்சை, கடைக்காரரிடம் கிடைத்த பெயிண்டைப் பொறுத்து. இலையின் நரம்பைக்கூட ஆளுக்கொரு விதமாக வரைந்திருந்தார்கள். அந்தச் சுவர்களின் கலர்ப் படம் ஒன்றுகூட என் கண்ணில் இதுவரை பட்டதில்லை. பார்த்த சில படங்களிலும் இலை சாம்பலாக இருக்கிறது. அந்தப் பச்சைக்கு எங்களிடம் பிலிம் இல்லை. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனில் இருக்கிறது. இருந்தும் நீங்களே அதைத் துடைத்து எறிவதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

புகைப்படக்காரர் ரகுபீர் சிங்கை எடுத்துப் பாருங்கள். ஜெய்ப்பூரில் பிறந்தவர். 1966இல் அதே ஊருக்கு வந்த கார்த்தியே-பிரெஸ்ஸோன் வேலை செய்வதைக் கிட்ட நின்று பார்த்தவர். கறுப்பு வெள்ளையின் பெரிய கையை நேரில் கண்டும் அவர் தேர்ந்தெடுத்தது கலரை. 1999இல் இறக்கும்வரை அதை விடவில்லை. இந்தத் தெருக்கள் நிறத்தால் ஆனவை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவர் படங்களில் நிறம் அலங்காரமாக நிற்பதில்லை. யார், எங்கே, எந்தப் பருவம் என்ற தகவலாக நிற்கிறது.

இரண்டாவது, படங்களுக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் வரிகள். “மக்கள் எப்போது விழிப்பார்கள்?”, “இந்த நாடு எங்கே போகிறது?” இப்படி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெருமூச்சு. உங்கள் கோபம் நியாயமானது. நமக்கும் வாயும் வயிறும் இருக்கிறது, அரசியல் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் இந்த வரிகளை எந்தப் படத்துக்குக் கீழேயும் மாற்றிப் போடலாம். எந்த ஆண்டிலும் எழுதியிருக்கலாம். அந்த இடத்தில் ஊர் பெயர் எங்கே? தெரு எங்கே? தேதி எங்கே? மூன்றாவது படம் எந்த ஊர் என்று பாதி அறுந்த ஒரு போஸ்டரில் இருந்த கல்யாண மண்டபத்தின் பெயரை வைத்து நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதைவிடக் கொடுமை பன்னிரண்டாவது படம். சுவரின் மேல் வரியைப் பிரேமுக்கு வெளியே தள்ளியிருக்கிறீர்கள். எந்தக் கட்சி, எந்த ஆண்டுக்காக அந்தச் சுவரை ‘ரிசர்வ்’ செய்தது என்று எழுதியிருப்பது அந்த வரியில்தானே? மேகம் நன்றாக விழுந்திருக்கிறது என்பதற்காக இடப்பக்கம் நகர்ந்திருக்கிறீர்கள். மேகம் நாளைக்கும் வரும். அந்த எழுத்து வராது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் சுண்ணாம்பு வாளியோடு ஆட்கள் வந்து அழித்துவிடுவார்கள்.

எழுத்தைப் படம் பிடிப்பதற்கு இந்த மண்ணில் பழைய மரபு ஒன்று இருக்கிறது. லின்னேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன், மதராஸ் அரசின் புகைப்படக்காரராகவும் இருந்தவர். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அடி அடியாக நகர்ந்து எடுத்தார். இருபத்தொரு பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். சுமார் பத்தொன்பது அடி. அதில் மேகம் இல்லை, ஆள் இல்லை, கல்லில் வெட்டிய எழுத்து மட்டும். ஒரு வரியைக்கூடப் பிரேமுக்கு வெளியே விட்டுவிடக்கூடாது என்ற பிடிவாதம் மட்டும். அந்தக் கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்ததைப் பாருங்கள்: கோயில் ஆடல்மகளிரான தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரின் பெயரும், யாருக்கு எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் நமக்கு அவர்கள் வீட்டு விலாசம் தெரிகிறது. போன மார்கழியில் நீங்கள் எடுத்த டீக்கடை எந்தத் தெருவில் என்று தெரியவில்லை.

புத்தகத்தின் தியேட்டர்ப் பகுதியில் நான் அதிக நேரம் செலவழித்தேன், மறைக்க மாட்டேன். மதுரையில் தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்தது. கலைஞரின் வசனம், சிவாஜிக்கு முதல் படம், 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். படம் வந்து பல காலம் கழித்துப் பிறந்த எனக்கே, சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நுழைந்தபோது ஏதோ மாநாட்டுக்குள் போவதுபோல்தான் இருந்தது. இடைவேளையில் முறுக்கும் சோடாவும் கையுமாக நிற்பவர்கள் படத்தைப் பேசுகிறார்களா, ஆட்சியைப் பேசுகிறார்களா என்று பிரிக்க முடியாது. கட்டடம் இன்று இல்லை. அதன் வாசலில் தொங்கிய ரசிகர் மன்றப் போர்டுகளில் எந்தெந்தக் கிளை, யார் யார் தலைவர், செயலாளர் என்பதை எழுத்துத் தெரிய எடுத்த படம் ஒன்று இருந்தால், நம் அரசியல் வரலாற்றில் ஓர் அத்தியாயத்தை அதிலிருந்தே எழுதிவிடலாம். 1972இல் ஒரு நடிகர், 2005இல் மதுரை மாநாட்டில் ஒரு நடிகர், 2024இல் ஒரு நடிகர் என்று கட்சி தொடங்கியபோதெல்லாம், நாற்காலி போடவும் கொடி கட்டவும் முதலில் வந்தவர்கள் அந்தப் போர்டுகளில் பெயர் இருந்த பையன்கள்தான். பொழுதுபோக்கு என்று தனிப் பகுதியும் அரசியல் என்று தனிப் பகுதியும் நீங்கள் பிரித்திருக்கவே வேண்டாம். ஒரே சுவரின் இரண்டு பக்கம் அவை.

இது உங்களுக்கே தெரியும் என்பதற்குச் சாட்சி பின்னட்டைப் படம். அச்சகத்தார் கேட்டதற்காக அது ஒன்றை மட்டும் கலரில் விட்டதாகக் குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சகத்தார் நன்றாக இருக்க வேண்டும்! சைக்கிள் ஹேண்டில்பாரில் மைதாப் பசை வாளி. சுவரோரம் ஒருவர் சினிமா போஸ்டரின் மேல்பாதியை ஒட்டிவிட்டார். கீழ்ப்பாதி கையில் மடங்கித் தொங்குகிறது. அதற்கு அடியில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஊதா எல்லை, இறந்தவரின் ஊரும் தேதியும் தெளிவாக. அதற்கும் அடியில் போன தேர்தலின் சின்னம், சுண்ணாம்பையும் மீறித் துருத்திக்கொண்டு நிற்கும் சிவப்பு. நடிகர், செத்தவர், கட்சி மூவரும் ஒரே சுவரில். ஒட்டுகிறவர் கையில் பசை காய்ந்து தோல்போல் உரிகிறது. நீங்கள் நின்ற தூரம் அவ்வளவு சரி. ஓரடி முன்னே போயிருந்தால் எழுத்து போயிருக்கும், ஓரடி பின்னே வந்திருந்தால் அந்தக் கை போயிருக்கும். இத்தனை வருடம் கேமரா தூக்கிய எனக்கு இப்படி ஒரு படம் அமையவில்லை. தமிழ்நாட்டுத் தெருவை இந்த வயதில் இவ்வளவு முழுமையாகப் பார்த்த ஒருவரை நான் சந்தித்ததில்லை. இந்த ஒரு படத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே கலர் பைல்களை அழித்துவிடாதீர்கள். அடுத்த பதிப்பில் இருபத்து நான்கு படங்களையும் எடுத்தபடியே கலரில் போடுங்கள். கீழே ஊர், தெரு, தேதி, சுவரில் இருக்கும் வாசகம், இவ்வளவு போதும். உங்கள் கருத்தைத் தனிக் கட்டுரையாக எழுதுங்கள். நான் வரிக்கு வரி படிப்பேன், சண்டையும் போடுவேன். அடுத்த தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே உங்கள் ஊர்ச் சுவர்களை ஒன்றுவிடாமல் எடுத்து முடித்துவிடுங்கள். புதிய பதிப்பில் ஐந்து பிரதி எனக்கு வேண்டும். ஒன்று எனக்கு, நான்கு எங்கள் ஊர் நூலகங்களுக்கு. பணத்தை இப்போதே அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
திண்டுக்கல்லிலிருந்து உங்கள் அண்ணன்