மட்டாஞ்சேரிக்கு வண்டி ஏறும் முன்

முதல் தடவையாகத் துணைக்கு வரும் எட்டுப் பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன், கண்ணுகளா. வெளிநாட்டு யூத இளைஞர்களை இஸ்ரேலுக்குப் பத்து நாள் இலவசமாக அழைத்துப்போகும் 'தக்லித்' பயணம் 1999-ல் தொடங்கியது. அயலகத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நம் அரசு 2023-ல் 'வேர்களைத் தேடி' என்று ஒன்றை ஆரம்பித்தது. அவர்கள் சொந்த வேரைப் பார்க்கப் போகிறார்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகளோடு மூலனூரிலிருந்து கிளம்பும் நம் பஸ் அடுத்த வீட்டு வேரை, கொச்சி மட்டாஞ்சேரி யூதர்களின் வேரைப் பார்க்கப் போகிறது. அதனால் உங்கள் பாடு கொஞ்சம் கூடுதல்.

1. சனிக்கிழமை போகக் கூடாது. வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும் வரை யூதர்களுக்கு ஓய்வு நாள். முதல் வருஷம் நான் இதை விசாரிக்காமல் கூட்டிப்போய், ஜெப ஆலயத்தின் பூட்டின கதவைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். போதாததற்கு அன்று சம்பள நாள். பனியன் கம்பெனிப் பிள்ளைகள் வாரக்கூலி கைக்கு வராமல் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. சனி ராத்திரி சம்பளம் வாங்கிக்கொண்டு ஏறட்டும். தாராபுரம், பொள்ளாச்சி, பாலக்காடு வழி. விடியும்போது கொச்சி.

2. பஸ்ஸில் "நீங்க எந்தக் கூட்டம்?" என்று குலம் விசாரிக்காதீர்கள். நம் பக்கம் அது சாப்பிட்டாச்சா என்பது போல வாயில் வந்துவிடும். பதில் சொல்லக் கூட்டம் இல்லாதவர்களும் அதே பஸ்ஸில் இருக்கிறார்கள். எந்த மெஷின், என்ன படிப்பு என்று கேளுங்கள், போதும்.

3. செப்பேட்டின் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டுக் கொண்டுவாருங்கள். கி.பி. 1000 வாக்கில் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன், ஈசுப்பு இரப்பான் என்ற யூத வணிகருக்குக் கொடுத்தது. இடம் முயிரிக்கோடு, சங்கப் பாட்டில் முசிறி என்று படித்தோமே, அந்தப் பக்கம். எழுத்து வட்டெழுத்து. மொழி, மலையாளம் நம்மைவிட்டுப் பிரிகிற சமயத்து மொழி. விளக்கிச் சொன்னால் காதுக்குப் பிடிபடும். அஞ்சுவண்ணம் என்ற வணிகர் குழுவின் உரிமையோடு 72 பேறுகள் கொடுத்திருக்கிறது. அதில் பகல் விளக்கு உண்டு, குடை உண்டு, பாவாடை உண்டு. பாவாடை என்றதும் பஸ்ஸே சிரிக்கும். சிரித்து முடிக்கட்டும். பெரியவர்கள் நடந்துவர வழியில் விரிக்கும் துணி அது என்று அப்புறம் சொல்லுங்கள். நாள் பூராவும் துணியோடு கிடக்கிற பிள்ளைகள். பிறகு அந்தச் சொல்லை மறக்க மாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டும்போது இன்னொன்றும் சொல்லலாம். நொய்யல் கரைக் கொடுமணலில் பட்டை தீட்டிய கல்மணியும், நம் காங்கேயம் பக்கம் படியூர்ப் பச்சைக்கல்லும் மேற்குக் கடற்கரைத் துறைமுகத்துக்குப் போக இந்தக் கணவாய்தான் வழி. அப்படிப் பார்த்தால் அடுத்த வீடு அவ்வளவு தூரமில்லை.

4. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பரதேசி ஜெப ஆலயம் 1568-ல் கட்டியது. மட்டாஞ்சேரி அரண்மனைக் கோயிலுக்கும் அதற்கும் இடையே ஒரு சுவர்தான். ஆளாளுக்கு சீனத்து நீலத் தரை ஓடுகளையும் கண்ணாடி விளக்குகளையும் அண்ணாந்து, குனிந்து பார்ப்பார்கள். ராஜா இடம் கொடுத்தார், எல்லோரும் ஒற்றுமை என்று நீங்களும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். வரக் கூடாது. அங்கேயே ஏ. பி. சேலம் என்ற கொச்சி யூதரின் கதையைச் சொல்ல வேண்டும். 1882-ல் பிறந்தவர், வக்கீல். அவர் முன்னோர் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள் என்பதால், அந்தக் குடும்பத்தாருக்கு உள்ளே சமமாக உட்கார உரிமையில்லை. தன் ஜனத்தின் கோயிலிலேயே சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பேர் வந்தது. பிரிவினை தளர்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு 1967-ல் இறந்தார்.

ஒரு வருஷம் இதைச் சொல்லி முடித்தபோது, பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்க்கும் பையன் ஒருவன் செருப்பு விட்ட இடத்துக்கே திரும்பிப் போய்விட்டான். ஒரு செருப்பை மாட்டியிருந்தான், மறு செருப்பு கையில். "எங்கூர்க் கோயில்ல நான் உள்ள போனதில்லீங்க" என்றான். அன்றைய துணைப் பையன் நல்லவன்தான். "அதெல்லாம் இப்ப மாறிப்போச்சு" என்றான் உடனே. நானும் ஏதோ வரலாறு சொல்ல வாயெடுத்தேன். இரண்டும் தப்பு. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, துணையாகக்கூட வந்தவள் அல்ல, பக்கத்தில் வந்து நின்று, "நீ அப்ப எங்க நிப்ப?" என்று மட்டும் கேட்டாள். அவன் கால் மணி நேரம் பேசினான். நான் இத்தனை வருஷமாக உங்களுக்குப் பழக்கிக்கொடுக்கப் பார்ப்பது அவள் கேட்ட அந்தக் கேள்வியைத்தான். வயசில் பெரியவன் கேட்டால் விசாரணை ஆகிவிடும். அதனால்தான் வயசொத்த உங்களைக் கூட்டிப்போகிறேன்.

5. இஸ்ரேல் பேச்சு வரும், சண்டையும் வரும். கோயில் வாசலில் வேண்டாம், பஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். யூதர் எல்லோரையும் ஒரு அரசாங்கத்தோடு சேர்த்துக் கட்டிப் பேசினால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள். கொச்சி யூதர்களில் பெரும்பாலானோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபோனார்கள். அடித்து விரட்டியவர் யாருமில்லை. இது விரட்டப்பட்டவர் கதை இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர் கதை. மாளா ஊர் ஜெப ஆலயத்தை 1955-ல் பஞ்சாயத்திடமே ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

6. மத்தியானம் சேந்தமங்கலம். அங்கே ஜெப ஆலயத்து முன்னால் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல், 1269-ஆம் ஆண்டு. ஐந்து நிமிஷம் போதும். அதைவிட நம் பிள்ளைகள் நிற்கும் இடம் கைத்தறிக் கூடம். 2018 வெள்ளத்தில் ஓணத்துக்கு நெய்துவைத்த துணியெல்லாம் சேறானது. கறை போகாத துணியை வெட்டி 'சேக்குட்டி' என்று பொம்மை செய்து விற்றார்கள். கட்டிங் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் ஒரு சேலையில் எத்தனை பொம்மை தேறும் என்று கணக்குப் போடுவார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

7. திரும்பும்போது தலை எண்ணுங்கள். டீக்கடையில் நின்ற பிறகு மறுபடி எண்ணுங்கள். பாட்டுப் போடச் சொல்வார்கள், போடுங்கள். காலையில் கலகலவென்று வந்து இப்போது சும்மா இருப்பது யார் என்று மட்டும் பார்த்துவையுங்கள். அவர் பக்கத்து சீட்டில் உட்காருங்கள், கேள்வி எதுவும் வேண்டாம். திங்கள் எட்டரைக்கு ஷிப்ட். தாராபுரம் தாண்டியதும் தூங்குகிறவர்களை எழுப்ப ஆரம்பித்தால்தான் மூலனூரில் எல்லோர் காலிலும் அவரவர் செருப்பு இருக்கும்.