நெய்வேலியில் மொழி கற்பிக்க வந்தவர்களுக்கு

தமிழோ ஆங்கிலமோ கற்பிக்க இந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களில் பலர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "இத்தனை வருஷம் சலிக்காம எப்படி சார் பாடம் நடத்துனீங்க?" வாயே திறக்காத பிள்ளை ஒருநாள் எழுந்து நின்று தன் வீட்டுக் கதையைச் சொல்லும். அதை ஒருமுறை கேட்டுவிட்ட ஆசிரியர் அடுத்த பிள்ளையின் குரலுக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். எனக்கு நேர்ந்தது அவ்வளவுதான். நம் ஊக்கம் பிள்ளைகளிடமிருந்து வருகிறது. அது வருவதற்கு நாம் செய்யவேண்டியவை சில உண்டு.

1. ஊரைப் படியுங்கள். 1957 மே 20 அன்று நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் முதல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அதற்காகப் பல கிராமங்கள் இடம்பெயர்ந்தன. வேலைக்கு எல்லா மாவட்டத்தாரும், கேரளத்தாரும், ஆந்திரத்தாரும், வடமாநிலத்தாரும் வந்தார்கள். நிலம் கொடுத்த குடும்பத்துப் பேரன், ஒப்பந்தத் தொழிலாளியின் மகள், வீட்டில் இந்தியோ மலையாளமோ பேசும் பொறியாளரின் பையன் என்று எல்லாரும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். முதல் வாரத்திலேயே யார் வீட்டில் என்ன மொழி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. முணுமுணுக்கும் பிள்ளையை மந்தம் என்று முடிவுகட்டாதீர்கள். இது மூன்று ஷிப்டு ஊர். இரவு ஷிப்டு முடித்து வந்த அப்பா பகலில் உறங்கவேண்டும். சின்னக் குவார்ட்டர்ஸ். "சத்தம் போடாதே, அப்பா தூங்கறாங்க" என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம். குரலை அடக்கியதற்காகவே வீட்டில் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள். வகுப்பில் "சத்தமாப் பேசு" என்று அதட்டினால் இன்னும் சுருங்கிப்போவார்கள். மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். இரண்டு இரண்டு பேராக இருபதடி தள்ளி நிற்கவைத்து, ஒருவருக்கொருவர் ஒரு செய்தியைச் சொல்லச் சொல்லுங்கள். உரக்கப் பேசலாம் என்று தெரிந்ததும் அந்த முகங்கள் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

3. வீட்டுச் சொல்லுக்கு வகுப்பில் இடம் கொடுங்கள். நம் பக்கத்துப் பிள்ளை "மல்லாட்டை" என்றுதான் சொல்லும். பாடநூலில் நிலக்கடலை. இரண்டையும் கரும்பலகையில் எழுதுங்கள், போதும். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர் ஒவ்வொரு பிள்ளையிடமும் "இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்டு, அதைக் கெட்டி அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். பேய், அம்மா, முத்தம் என்று அவர்கள் மனத்தில் கிடந்த சொற்களே அவர்களின் முதல் வாசிப்புப் பாடம். மறுநாள் பிள்ளைக்கு அடையாளம் தெரியாத அட்டையை எடுத்துவிடுவார். அது அந்தப் பிள்ளையின் சொந்தச் சொல் அல்ல என்பது அவர் கணக்கு. இதற்குச் செலவு அட்டையும் பேனாவும்தான்.

4. பிள்ளைக்குத் தெரிந்ததை உங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். "எனது பொழுதுபோக்கு" என்று தலைப்புக் கொடுத்தால் எல்லாரும் ஒரே கட்டுரையை ஒப்பிப்பார்கள். "அப்பா சுரங்கத்தில் என்ன செய்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். மேல்மண்ணை ராட்சதச் சக்கரத்தில் மாட்டிய வாளிகள் எப்படி வெட்டுகின்றன, கன்வேயர் பெல்ட் எங்கே கொண்டு போய்க் கொட்டுகிறது, நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை ஏன் இரவும் பகலும் இறைக்கவேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பையன் கையை ஆட்டி ஆட்டி விளக்குவான். முந்திரிக்காட்டுப் பக்கத்துப் பெண், கொட்டை உடைக்கும்போது பால் பட்டு விரல் வெந்துபோகும், அதனால் அம்மா சாம்பல் தொட்டுக்கொள்வாள் என்று சொல்லும். வேலுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரத்தில் காவடி எடுத்தவன் அதைச் சொல்லட்டும். தனக்குத் தெரிந்ததும் வாத்தியாருக்குத் தெரியாததுமான ஒன்றைச் சொல்லும்போதுதான் பிள்ளைக்குச் சொல் தேடும் தேவை வருகிறது. அந்தத் தேவைதான் மொழிப்பாடம். சொல்லி முடித்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள். இலக்கணம் அதற்கப்புறம்.

5. பேச்சின் நடுவே திருத்தாதீர்கள். ஒருபோதும்.

6. கேட்பதற்கு நேரம் ஒதுக்குங்கள். டோக்கியோவில் டோமோயி பள்ளியை நடத்திய கோபயாஷி, வேறு பள்ளியிலிருந்து விலக்கப்பட்டு வந்த சிறுமியை முதல் நாளே நான்கு மணி நேரம் பேசவிட்டுக் கேட்டார். அந்தச் சிறுமிதான் பின்னாளில் 'டோட்டோசான்' எழுதிய டெட்சுகோ குரோயானகி. தொலைக்காட்சியில் பிறரோடு உரையாடுவதே அவருடைய வாழ்நாள் தொழிலாயிற்று. நாற்பது பேர் உள்ள வகுப்பில் நான்கு மணி நேரம் நடக்காது, தெரியும். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை, ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பருவத்துக்குள் எல்லாரையும் கேட்டுவிடலாம்.

7. ஆங்கிலத்தைக் காட்டித் தமிழையோ, தமிழைக் காட்டி ஆங்கிலத்தையோ இகழாதீர்கள். பக்கத்தில் வடலூரில் 1867இல் தருமச்சாலை கண்ட வள்ளலார், தமிழும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் கற்பிக்கப் பாடசாலை ஏற்படுத்தினார். எளிய மக்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடக்கவும் வழி செய்தார். பசியாற்றிய அதே மனம்தான் மொழியையும் கொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

8. 1998 முதல் இங்கே புத்தகக் கண்காட்சி நடக்கிறது. பிள்ளைகளை வரிசையாக நடத்திக் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். ஆளுக்கு ஒரு புத்தகம் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும். படக்கதை எடுத்தால் முகம் சுளிக்காதீர்கள்.

9. கடைசியாகச் சொன்னாலும் இதை முதலில் செய்யுங்கள். பேசாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். முதுகுப்பக்கம் நின்று மெதுவாகப் பெயர் சொல்லி அழையுங்கள். திரும்பவில்லை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியருக்குத் தகவல் சொல்லிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. நாம் கவனிக்காமல் விட்டால் அந்த வயது தாண்டிவிடும். திக்கிப் பேசும் பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் வாக்கியத்தை முடித்துவைக்க வேண்டாம். "மெதுவாச் சொல்லு" என்றும் சொல்லவேண்டாம். கண்ணைப் பார்த்துக் காத்திருங்கள். இந்த மாதம் முடிவதற்குள் உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குக் காது பரிசோதனை நடந்திருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.