நம் பள்ளிவாசலின் பாங்கு மட்டும் கேட்க: ஸ்கேனர் ரேடியோவை அமைக்கும் முறை



லெஸ்டர், பர்மிங்ஹாம், பிராட்ஃபோர்ட் போன்ற ஊர்களில் பல பள்ளிவாசல்கள் பாங்கையும் ஜும்ஆ பயானையும் சிறிய டிரான்ஸ்மிட்டர் மூலம் வீடுகளுக்கு ஒலிபரப்புகின்றன. இங்கிலாந்தில் ஐந்து வேளையும் ஒலிபெருக்கியில் பாங்கு கேட்கும் தெரு அபூர்வம். ஆகவே வயதானவர்களுக்கும் வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் சமையலறை அலமாரியிலுள்ள அந்தப் பெட்டிதான் மினாரா. அந்தப் பெட்டி பெரும்பாலும் ஒரு ஸ்கேனர் ரேடியோ. கடைக்காரர் ‘பள்ளி ரேடியோ’ என்று சொல்லி விற்றாலும், தனக்குக் கொடுத்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, எங்கே பேச்சு இருக்கிறதோ அங்கே நிற்பதே அதன் வேலை. அது நம் பள்ளியா, வேறு பள்ளியா என்று அதற்குத் தெரியாது.

2020 ரமழானில் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தது நினைவிருக்கும். லெஸ்டரில் எங்கள் பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஒரு மாமிக்கு, பாங்கு தெளிவாகக் கேட்கட்டும் என்று அவருடைய மகன் கூரைமேல் பெரிய ஏரியல் ஒன்றைப் பூட்டிக் கொடுத்திருந்தார். மே மாதத்தில் ஒரு மாலை, பாங்கு கேட்டது. மாமி பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார். அதை மென்று விழுங்கிய பிறகுதான் சுவரிலிருந்த நேர அட்டவணையைப் பார்த்தார். இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. “பாங்கு கேட்டுச்சே தம்பி, பெட்டி பொய் சொல்லுமா?” என்று எனக்குப் போன் செய்தார்.

பெட்டி பொய் சொல்லவில்லை. அது கிழக்கே உள்ள ஓர் ஊரின் பாங்கு. தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு நான்கு நிமிட வித்தியாசம். லெஸ்டருக்கு நேர் கிழக்கே இருக்கும் பீட்டர்பரோவில் சூரியன் சுமார் மூன்றரை நிமிடம் முந்தி மறைகிறது. மேற்கே பர்மிங்ஹாமில் சுமார் மூன்று நிமிடம் பிந்தி. சாதாரண நாளில் இந்தச் சிறு டிரான்ஸ்மிட்டர்களின் ஒலி அவ்வளவு தூரம் வராது. ஆனால் காற்றழுத்தம் உயர்ந்து வானம் தெளிந்து நிற்கும் நாட்களில், மேலே உள்ள வெப்பக் காற்றுக்கும் கீழே உள்ள குளிர்ந்த காற்றுக்கும் நடுவில் ரேடியோ அலை குழாய்க்குள் போவதுபோல் வெகுதூரம் போய்விடும். அந்த வசந்தகாலம் முழுவதும் அப்படிப்பட்ட வெயில் நாட்கள்தான். மாமி அந்த நோன்பைப் பிறகு கழா செய்தார்.

மஃரிபில் வித்தியாசம் சில நிமிடங்கள்தான். மற்ற வக்துகளில் ஒரே ஊருக்குள்ளேயே அது பெரிதாகிவிடும். மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை லெஸ்டரில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்குவதே இல்லை. அதனால் ஒவ்வொரு பள்ளியும் தான் ஏற்றுக்கொண்ட கணக்குப்படி பஜ்ரையும் இஷாவையும் வைக்கிறது. இரண்டு பள்ளிகளுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேலும் வித்தியாசம் வரலாம். அஸரும் அப்படித்தான். இங்குள்ள பள்ளிகளில் பல ஹனஃபி முறைப்படி நடப்பவை. ஷாஃபி குடும்பங்களுக்குக் கோடையில் அஸர் வக்து அதைவிட ஒரு மணி நேரத்துக்கும் முன்னதாகவே வந்துவிடும். இரண்டு மூன்று பள்ளிகளைக் கலந்து பிடிக்கும் பெட்டி இருக்கிற வீட்டில், எந்தப் பாங்கை நம்பி ஸஹரை நிறுத்துவது?

எனவே முதல் வேலை பெட்டியில் இல்லை. நீங்கள் எந்தப் பள்ளியின் அட்டவணையைப் பின்பற்றுகிறீர்களோ, அந்தப் பள்ளியின் அலுவலகத்தில் அலைவரிசை எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் 454 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, புள்ளிக்குப் பின் நான்கைந்து இலக்கங்களோடு இருக்கும். ஓர் இலக்கம் மாறினாலும் வேறு பள்ளி. சிபி ரேடியோவுக்குரிய 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலும் சமய அமைப்புகள் ஒலிபரப்ப ஆஃப்காம் அனுமதி தருகிறது. உங்கள் பள்ளி அதில் இருந்தால், பெட்டியில் எஃப்எம் என்று நீங்களே மாற்ற வேண்டியிருக்கும். பல கருவிகள் அந்தப் பகுதிக்குத் தாமாகவே ஏஎம் வைத்துக்கொள்ளும், அப்போது ஒலி கரகரவென்று புரியாமல் வரும்.

கடைக்காரரோ முன்பு வைத்திருந்தவரோ பதிந்து கொடுத்த எண்களை எல்லாம் அழித்துவிடுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று பொறுக்கிக்கொண்டிருப்பதைவிட இது எளிது. பிறகு முதல் சேனலில் நம் எண்ணை மட்டும் பதியுங்கள். தானாகத் தேடும் ‘சர்ச்’ பொத்தானைத் தொட வேண்டாம். ஒரே பள்ளி போதும் என்றால் ஸ்கேன் செய்யவே தேவையில்லை. அந்தச் சேனலில் ‘ஹோல்டு’ போட்டு விடுங்கள். பயானுக்காக இன்னொரு பள்ளியும் வேண்டும் என்றால் இரண்டாவது சேனலில் அதைப் பதிந்து, முதல் சேனலுக்கு ‘பிரையாரிட்டி’ கொடுங்கள். இரண்டாவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் பெட்டி அடிக்கடி முதல் சேனலை எட்டிப் பார்க்கும். அங்கே பாங்கு தொடங்கினால் தாவிவிடும். ரமழான் மாதத்தில் மட்டும் அந்த இரண்டாவதை ‘லாக்அவுட்’ செய்து வையுங்கள், எண் அழியாது, பெட்டி அதைத் தாண்டிப் போய்விடும்.

தொலைவான இரண்டு ஊர்ப் பள்ளிகள் ஒரே அலைவரிசையில் இருந்தால் லாக்அவுட் உதவாது. மாமி வீட்டில் நடந்தது இதுதான். அங்கே ‘ஸ்குவெல்ச்’ குமிழைத் திருப்புங்கள். இரைச்சல் அடங்கும் இடத்தில் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் கூட்டினால், பலவீனமான தூரத்து ஒலிக்குக் கதவு திறக்காது. ‘அட்டெனுவேட்டர்’ இருந்தால் அதையும் போடலாம். நம் பள்ளி காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத் தொனியைச் சேர்த்து அனுப்பினால், அந்தத் தொனி வந்தால்தான் திறக்க வேண்டும் என்று சில கருவிகளில் அமைக்க முடியும். இது இருந்தால் மற்றதெல்லாம் தேவையில்லை; எண்ணைக் கேட்கும்போதே இதையும் கேட்டு வாருங்கள்.

ஏரியல் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. பள்ளி ஒரு மைல், இரண்டு மைல் தூரத்தில் இருக்கும்போது கூரை ஏரியல் எதற்கு? 454 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சாண் அளவுள்ள கம்பி போதும். நீளமும் உயரமும் கூடக்கூட அடுத்த ஊரைத்தான் வீட்டுக்குள் அழைக்கிறோம்.

ஒரு விஷயம் சட்டத்தைச் சேர்ந்தது. நமக்காக அல்லாத செய்திகளை வேண்டுமென்று ஒட்டுக்கேட்பதை 2006-ஆம் ஆண்டின் ஒயர்லெஸ் டெலிகிராஃபி சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது. ஸ்கேனரை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமல்ல. டாக்ஸி, கடைக் காவலர் பேச்சு என்று விளையாட்டாகத் தேடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். எண்களை அழிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமைத்து முடித்ததும் ஒரு வாரம், பாங்கு தொடங்கும் நிமிடத்தை அட்டவணைக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வாருங்கள். பாங்கு வக்தின் தொடக்கத்தில் வருகிறதா, ஜமாஅத்துக்குச் சற்று முன் வருகிறதா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். அதுவும் இதில் தெரிந்துவிடும். மாமியின் கூரை ஏரியலை மகனே கழற்றிவிட்டார். பெட்டி இப்போது ஹோல்டில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் தட்டிவிடாமல் இருக்கப் பொத்தான்களின் மேல் மாமி செலோடேப் ஒட்டியிருக்கிறார்.