முன்சக்கரத்தை விடுவிக்குமுன்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பட்டறை வைத்திருக்கும், இனி வைக்கப்போகும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு வருகிறீர்கள். நாலு சக்கர இயக்கம் கொண்ட ஸ்கைலைன், சுபாரு கார்களை மாற்றி, அவை பின்சக்கரத்தில் மட்டும் ஓடி, வளைவில் பக்கவாட்டில் வழுக்கிப் புகை கிளப்புவதைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறீர்கள். "முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் போதும்தானே ஐயா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. போதாது தம்பி. முன்சக்கரத்திடமிருந்து பறித்த விசை எங்காவது போய்த்தான் தீரும். அது போகும் வழி முழுவதும் உனக்குத் தெரிந்த பிறகு ஸ்பேனரை எடு.

1. எந்த வகை நாலு சக்கர அமைப்பு என்று முதலில் பார். நம் பக்கத்தில் நாம் பழகியவை மகிந்திரா ஜீப்பும் மாருதி ஜிப்சியும். இரண்டிலும் பின்சக்கரம் எப்போதும் எஞ்சினோடு பிணைந்தே இருக்கும். லீவரைப் போட்டால்தான் முன்சக்கரம் சேரும். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் இறங்கும் வேலை இல்லாத ஜீப்காரர்கள் முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு ஓட்டினார்கள் என்றால் அதற்குக் காரணம் இந்த அமைப்புதான்.

அந்தப் பழக்கத்தோடு மேனுவல் கியர் சுபாரு இம்ப்ரெசாவின் அடியில் போய்ப் படுக்காதே. அதன் கியர்பாக்ஸில் முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்க நடு டிஃபரன்ஷியல் ஒன்று உண்டு. முன்பக்கத்தைக் காலியாக விட்டால், தடையே இல்லாத அந்தப் பக்கமே வெறுமனே சுற்றும். உள்ளே இருக்கும் விஸ்கஸ் கப்ளிங் வண்டியைக் கொஞ்ச தூரம் இழுத்துப் பார்க்கும், பிறகு சூடேறிக் கெட்டுப்போகும். ஆடி குவாட்ரோவின் டார்சன் வகை நடு டிஃபரன்ஷியலும் அப்படித்தான்: ஒரு பக்கம் தடை இல்லையென்றால் மறுபக்கத்துக்கு எதுவும் போகாது.

1989-இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். ஆர்-32 வேறு விதம். பின்சக்கரத்துக்கு விசை நேராகப் போகும். முன்சக்கரத்துக்கு மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஒரு கிளட்ச் வழியாக, அதிகபட்சம் பாதி. அந்த அமைப்பின் ஃபியூஸைப் பிடுங்கினாலே வண்டி பின்சக்கர வண்டியாகிவிடும். இன்னொரு வகை, ஸ்கோடா எட்டி போல எஞ்சின் குறுக்காகக் கிடப்பது. அதில் முன்சக்கரம்தான் பிரதானம், பின்சக்கரம் கிளட்ச் வழியாக உதவிக்கு மட்டும் வரும். அதை மாற்றித் தரச் சொல்லி யார் எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளாதே. உதவிக்குச் செய்த பாகங்கள் முழுச் சுமையைத் தாங்காது.

2. காகிதத்தில் கணக்குப் போடு. எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது, முதல் கியர் 3.5, கிரவுன் பினியன் விகிதம் 4.1 என்று வைத்துக்கொள். பெருக்கினால் சக்கரத்தில் சுமார் 4,300 நியூட்டன் மீட்டர். வண்டி 1,400 கிலோ, சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர், நல்ல டயர், காய்ந்த தார் ரோடு. நாலு சக்கரமும் உழைத்தால் ரோடு தாங்குவது சுமார் 4,100. ஏறக்குறைய எஞ்சின் தருவது அத்தனையும் வண்டியை முன்னே தள்ளும். இனி பின்சக்கரம் மட்டும். கிளம்பும்போது எடை பின்னால் சாய்ந்து, மொத்தத்தில் 60 சதவீதம் பின்பக்கம் உட்கார்ந்தாலும் ரோடு தாங்குவது சுமார் 2,500. மிச்சம் முழுவதும் டயர் புகை.

ஆகவே வேகம் கூடும் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்காதே. லம்போர்கினி நிறுவனமே தன் கலார்டோவில் இந்த மாற்றத்தைச் செய்தது. வாலன்டினோ பால்போனி என்ற தங்கள் சோதனை ஓட்டுநரின் பெயரில், 2009-இல் 250 வண்டிகளை முன்சக்கர இயக்கம் இல்லாமல் செய்தார்கள். எடை 30 கிலோ குறைந்தது. ஆனால் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட, நாலு சக்கர வண்டிக்கு 3.7 விநாடி என்றால் இதற்கு 3.9. அதை விரும்பி வாங்கியவர்களுக்கு வேண்டியிருந்தது வளைவில் ஸ்டீயரிங் தரும் உணர்வு. உன்னிடம் வருகிறவருக்கும் அதுதான் வேண்டுமா என்று முதலில் கேள்.

3. முன் ஹப்பில் கை வைக்குமுன் நூறு முறை யோசி. இந்தப் பட்டியலில் உயிரைப் பறிக்கக்கூடியது இதுதான். ஜீப்பில் முன்சக்கரத்தின் பேரிங்குகள் ஸ்பிண்டில் மேல் உட்கார்ந்திருக்கும், உள்ளே ஓடும் ஆக்ஸிலை உருவி எடுத்தாலும் சக்கரம் நிற்கும். காரில் பெரும்பாலும் அப்படி இல்லை. வெளி சி.வி. ஜாயிண்ட்டின் தண்டு ஹப்புக்குள் நுழைந்து, நுனியில் பெரிய நட் போட்டு இறுக்கியிருக்கும். அந்த இறுக்கம்தான் பேரிங்கைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஷாஃப்ட்டை மொத்தமாக உருவிவிட்டுச் சக்கரத்தை மாட்டினால் பேரிங் பிரியும், ஓடும்போதே சக்கரம் கழன்று போகும். வெளி ஜாயிண்ட்டைப் பிரித்து, அதன் தண்டை மட்டும் ஹப்பிலேயே விட்டு, கம்பெனி கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கு. கைக்கணக்கு இங்கே செல்லாது.

4. நடு டிஃபரன்ஷியலைப் பூட்ட வெல்டிங் வைக்காதே. அந்தப் பற்கள் கடினப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் பக்கத்திலேயே வெடிப்பு விழும், எப்போது உடையும் என்று யாரும் சொல்ல முடியாது. அதன் இடத்தில் உட்காரும்படி ஒரே கட்டியாகக் கடைந்த ஸ்பூல்தான் சரி. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைப் பக்கம் நல்ல லேத்காரர்களைத் தேடு. அளவைக் கொடுக்கும்போதே எந்த எஃகு, கடைந்த பிறகு எப்படிப் பதப்படுத்துவது என்பதையும் எழுதிக் கொடு. வாயால் சொன்னதற்குக் கணக்கில்லை.

5. திறந்த ஓட்டை ஒவ்வொன்றையும் அடை. ஷாஃப்ட் இருந்த இடத்தில் ஆயில் வெளியே வரும், தூசி உள்ளே போகும். ஜீப்பில் ஷாஃப்ட்டை மட்டும் கழற்று, ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் யோக்கை விட்டுவிடு. மேனுவல் கியர் சுபாருவில் முன் டிஃபரன்ஷியலுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில், அங்கே ஒரு சீல் ஒழுகினால் முழு கியர்பாக்ஸும் போச்சு.

6. பின்பக்கத்தின் பலத்தைச் சோதி. தொழிற்சாலையில் அந்தப் பின் டிஃபரன்ஷியலையும் ஷாஃப்ட்டுகளையும் பாதிச் சுமையை மனதில் வைத்துத்தான் செய்திருப்பார்கள். டயர் வழுக்கிச் சட்டென்று பிடிக்கும் அந்த நொடியில் விழும் அடி நம் கணக்கையும் மிஞ்சும். கிரவுன் பற்களில் கறை, கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார். யு.ஜே. கிராஸ், ரப்பர் மவுண்ட் எல்லாவற்றையும் புதிதாகப் போடு. டயருக்கான காசையும் முதலிலேயே வாங்கி வை. நெட்டப்பாக்கம் கொம்யூன் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். ஆலையே இருக்கிறது, டயருக்கு நாம் எங்கும் அலையவேண்டாம். ஆனால் வழுக்கி ஓட்டுகிறவனின் பின் டயர் எத்தனை சீக்கிரம் தேயும் என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

7. ஸ்பிரிங், டேம்பர், ஸ்டெபிலைசர் பார் மூன்றையும் மறுபடி அமை. நாலு சக்கர வண்டி வளைவில் முன்பக்கம் வெளியே போகத்தான் பார்க்கும், அதற்கேற்ற அமைப்போடுதான் வந்திருக்கும். பின்சக்கரத்தில் மட்டும் விசை விழுந்ததும் பின்பக்கம் வெளியே வரும். லம்போர்கினிக்காரர்களும் ஷாஃப்ட்டைக் கழற்றியதோடு விடவில்லை. இந்த மூன்றோடு டயரையும் நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பையும் மாற்றினார்கள். உன் வண்டியில் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் பல்பைப் பிடுங்கி மறைக்காதே. எந்த சென்சார் என்ன கேட்கிறது என்று கண்டுபிடி.

8. முதல் சோதனையை நம் ஊர் ரோட்டில் செய்யாதே. அறுவடைக் காலத்தில் பாகூர், சேலியமேடு பக்கம் ரோட்டிலேயே நெல் காய்கிறது, வைக்கோல் கிடக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எஞ்சினின் பிடிப்பு இப்போது பின் டயரில் மட்டும் விழும். வழுக்கும் தரையில் வண்டி திரும்பி நிற்க அது போதும். அந்த நெல்லைத் துழாவிக்கொண்டு ஓர் அம்மா நின்றிருப்பார். முதலில் ஸ்டாண்டில் ஏற்றி மெதுவாகச் சுற்றவிட்டு, சத்தத்தையும் ஒழுகலையும் பார். அதன் பிறகு லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிப்பாளையத்திலோ உள்ள கார் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோய், அனுமதி வாங்கி, ஹெல்மெட்டோடு ஓட்டு.

9. சட்டத்தைத் தெரிந்துகொள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவதும் இந்த மாற்றத்தைத்தான். எனவே இது பந்தயத் திடலுக்கு மட்டுமான வண்டி என்பதை வேலை தொடங்குமுன் எழுதிக் கையெழுத்து வாங்கு.

ரோட்டில் ஓட்டப் பின்சக்கர வண்டிதான் வேண்டும் என்கிறவருக்கு அப்படியே பிறந்த வண்டியைக் காட்டு. மகிந்திரா தாரில் 2023 ஜனவரியில் பின்சக்கர வகை வந்துவிட்டது. 2007 முதல் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டியில் தயாராகும் பி.எம்.டபிள்யூ.வில் பின்சக்கரக் கார்கள் உண்டு. பணமில்லாதவர் பழைய ஆம்னி வேனில்கூடப் பின்சக்கர ஓட்டத்தைக் கற்கலாம். இப்படிச் சொன்னால் பட்டறைக்கு ஒரு வேலை போகும், போகட்டும்.

10. கழற்றிய எதையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதே. ஷாஃப்ட், நடு டிஃபரன்ஷியல், போல்ட்டுகள் எல்லாவற்றையும் துடைத்து, ஆயில் தடவி, பாலித்தீனில் சுற்றி, எது எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதிக் கட்டி, வண்டியோடு சேர்த்து உரிமையாளரிடம் ஒப்படை. பிரிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் கொடு. அவர் நாளை வண்டியை விற்க நினைத்தாலும், மறுபடி நாலு சக்கரமாக்கி ரோட்டில் ஓட்ட நினைத்தாலும், அடுத்த மெக்கானிக் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவான்.